ஹேவாஹெட்டயில் பதினேழு கற்கள்

செல்வராணியின் மேல் களவுப் பழி விழுந்த பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, நல்ல மழையில் கண்டியில் இறங்கினேன். வெள்ளிக்கிழமைக்குள் பதினேழு கற்களுக்குப் பெயர் கண்டுபிடித்தாக வேண்டும். என்னிடம் இருந்தவை ஒரு பூதக்கண்ணாடி, ஒரு லாடக் காந்தம், ஒரு பேனாக்கத்தி, ஒரு பழைய செப்புக் காசு.

செல்வராணி என் சித்தி மகள். சித்தி சேலத்திலிருந்து ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். மகள் படித்து, அங்கேயே ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆய்வுகூட உதவியாளர் ஆனாள். நான் சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கம் ஒன்றின் மாதிரி அறையில் முப்பத்தொரு ஆண்டு கல் உடைத்துத் தரம் பிரித்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன் நாங்கள் நேரில் பார்த்ததே இரண்டு முறைதான்.

விஷயம் இது. கண்டியில் உள்ள ஒரு பெரிய பள்ளி, பதினெட்டுக் கனிமங்கள் அடங்கிய மரப்பெட்டி ஒன்றைத் தோட்டப் பள்ளிகளுக்கு முறைவைத்துக் கடன் கொடுக்கிறது. ஒவ்வொரு கல்லிலும் இலக்கம் எழுதிய சின்னக் காகிதம் ஒட்டியிருக்கும். எந்த இலக்கம் எந்தக் கனிமம் என்று மூடியில் ஒரு பட்டியல். சரஸ்வதி பூஜைக்கு முன் செல்வராணி பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், செம்மண்ணும் பூஞ்சணமும் போகக் கற்களைக் கழுவினாள். கழுவியதில் காகிதங்கள் உரிந்துவிட்டன. துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, புத்தகங்களோடு சரஸ்வதி படத்தின் முன் அடுக்கினாள். பூஜை முடிந்து அதிபர், அதாவது தலைமையாசிரியர், எண்ணியபோது பதினேழுதான் இருந்தன.

பட்டியலில் ‘குருந்தம்’ என்று ஒரு பெயர். நீலக்கல், மாணிக்கம் எல்லாம் குருந்தத்தின் வகைதான் என்று பள்ளியில் யாருக்கோ தெரிந்திருக்கிறது. அவ்வளவு போதாதா? செல்வராணி நீலக்கல்லை விற்றுவிட்டாள் என்று மாலைக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சு. ‘குருந்தம் என் பொறுப்பில் இருந்தபோது காணாமற் போனது’ என்று அதிபர் ஒரு கடிதம் எழுதிவைத்து அவளைக் கையெழுத்திடச் சொன்னார். அவள் மறுத்தாள். அதிபர் பதினேழு கற்களையும் தன் போனில் படம் எடுத்துக்கொண்டு, பெட்டியை அவளிடமே தள்ளிவிட்டார். வெள்ளிக்கிழமை கண்டிப் பள்ளியின் மாஸ்டர் பெட்டியை வாங்க வருவார். அதற்குள் கையெழுத்து இல்லையென்றால் மேலிடத்துக்குப் புகார் போகும். வேலை போகும்.

“சைன் வச்சா முடிஞ்சிடும்ங்கிறாங்க அண்ணே,” என்றாள் தொலைபேசியில். “எடுக்காதத எடுத்தேன்னு நான் எப்படி வைக்கிறது?”

கற்களைப் படம் எடுத்தும் அனுப்பியிருந்தாள். படத்தில் கல்லுக்கு எடை கிடையாது, கடினம் கிடையாது. புறப்பட்டுவிட்டேன்.

கண்டியில் மாலை ஆறு மணிக்கே குளிர் தொடங்கிவிட்டது. விடுதிக்குக் கீழே கொத்துரொட்டி போடுகிறவர் இரண்டு தகட்டுக் கத்திகளால் இரும்புக் கல்லைத் தட்டிய தட்டில் தெருவே திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊரில் தட்டுவடை செட் போடுகிறவர் சத்தமே இல்லாமல் அரை நிமிடத்தில் பத்துப் பேருக்குக் கொடுப்பார். இங்கே ஒரு தட்டுக்கு ஒரு கச்சேரி. ருசியில் குறை சொல்ல மாட்டேன்.

திங்கள் காலை, மெருகு போடாத முதுகுள்ள தரை டைல் ஒன்று தேடி ஒரு கட்டடச் சாமான் கடைக்குப் போனேன். கனிமத்தை அதில் தேய்த்தால் விழும் தூளின் நிறம், கல்லின் வெளிநிறத்தைவிட உண்மையானது. உடைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்று போதும் என்றேன். கடைக்காரர் சிங்களத்தில் மனைவியிடம் ஏதோ சொன்னார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண்மணி எனக்குத் தமிழில் சொன்னார்: “ஒரே ஒரு டைல வச்சு பாத்ரூம் கட்டப் போறாராம். இந்தியாவுல அவ்வளவு எட நெருக்கடியான்னு கேக்குறாரு.” டைலுக்குக் காசு வாங்கவில்லை. அடுத்த கடையில் ஒரு போத்தல் வினாகிரி, நம்மூர் வினிகர், வாங்கினேன். கையில் அமிலம் இல்லாதவனுக்கு அதுதான் அமிலம்.

ஹேவாஹெட்ட பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே சவுக்கு மரம் ஒன்று விழுந்து கிடந்தது. யாரிடமாவது கத்தி இருக்கிறதா என்று கொண்டக்டர் கேட்க, நானும் ஏதோ நினைப்பில் பேனாக்கத்தியை நீட்டிவிட்டேன்.

“ஐயா, அத உள்ள வைங்க,” என்றார் பின் ஆசனத்துப் பெண். “கொய்யாப்பழம் நறுக்க ஆகும்.”

பஸ் முழுக்கச் சிரித்தது. தோட்டத்திலிருந்து வாளோடு ஆட்கள் வந்து மரத்தை அறுத்து ஒதுக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் அந்தப் பெண் என் ஊர், உறவு, வந்த காரணம் எல்லாவற்றையும் வாங்கிவிட்டார். செல்வராணியின் பெயரைச் சொன்னதும் முகம் மாறியது. “அந்தக் கல்லு கேஸா?” என்றார். பையை மடிக்கு இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டு வாசலில் செல்வராணியின் கணவர் பரமசிவம் குடையோடு நின்றார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. என்னைவிடப் பத்து வயது இளையவர்.

“வாங்க மச்சான். கல்லப் பாக்க வந்தீங்களா, எங்களப் பாக்க வந்தீங்களா?”

“ரெண்டும்தான்.”

“கல்லு சாப்பிடாது. முதல்ல நீங்க சாப்பிடுங்க.”

பாண் ரொட்டியும் பருப்பும் காரமான கட்டச்சம்பலும் வந்தன. சாப்பிட்டுக் கை கழுவியதும் பெட்டியின் மூடியைத் திறந்து பட்டியலைப் படித்தேன். நான்காவது பெயரில் என் விரல் நின்றது. ‘ஹேலைட்.’

“செல்வராணி, கல்ல எப்படிக் கழுவுன? ஈரத்துணியாலயா?”

“இல்லண்ணே. பேசின்ல ஊறப் போட்டேன். சனிக்கிழம அந்தில போட்டு, திங்கக்கிழம காலையிலதான் எடுத்தேன். நடுவுல ரெண்டு தரம் தண்ணி மாத்துனேன்.”

“ஹேலைட்டுன்னா என்னன்னு யாரும் கேக்கலையா?”

“இங்கிலீசுப் பேரு நெறைய இருக்கு. யாரு கேப்பா?”

“கல்லுப்பு. பூமியிலேருந்து வெட்டி எடுக்குற உப்பு.”

அவள் என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய் ஒரு கறிவேப்பிலைக் கன்றைக் காட்டினாள். இலை ஒன்றுகூட இல்லை; குச்சி கருகி நின்றது. “முதல் தண்ணிய இதுக்குத்தான் ஊத்துனேன்.”

பரமசிவம் கையைத் தட்டினார். “அப்பறம் என்ன மச்சான்! இந்தக் குச்சியப் புடுங்கிட்டுப் போய் அதிபர் மேசையில வச்சிருவோம்.”

“நமக்கு இது போதும். அவருக்குப் போதாது,” என்றேன். “வசதியா ஒரு கதை கட்டுறாங்கன்னுவார். குருந்தம் இந்தப் பதினேழுக்குள்ள இருக்குன்னு காட்டணும். மத்த பதினாறும் எதுஎதுன்னு சொல்லணும். அப்பதான் காணாமப்போனது உப்புன்னு ஆகும்.”

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்குத் தொடங்கினோம். முதல் கல்லை டைலில் தேய்த்தேன். செக்கச் சிவந்த கோடு. ‘ஹேமடைட், இரும்புக்கல்’ என்று எழுதினேன். இரண்டாவது கல்லும் சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு. முப்பத்தொரு ஆண்டு அனுபவம் ஆட்டம் கண்டது. செல்வராணி எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, அது குங்குமம்.”

கற்களின் கீறல்களிலெல்லாம் பூஜைக் குங்குமம் அடைந்திருந்தது. எழுதியதை அடித்துவிட்டு, பழைய பல்துலக்கியால் ஒவ்வொன்றாகத் தட்டித் துடைத்தோம். தண்ணீர்ச் செம்பை அவள் மேசையிலிருந்து இரண்டு முழம் தள்ளி வைத்துவிட்டாள்.

அதன்பின் வேலை ஓடியது. விரலில் சோப்புப் போல வழுக்கி, நகம் பட்டாலே கீறல் விழுந்தது மாக்கல். விரலைக் கரியாக்கிக் காகிதத்தில் எழுதியது பென்சிற்கரி. ஏடு ஏடாக உரிந்து வளைந்து நிமிர்ந்தவை இரண்டு மைக்காக்கள், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. நகத்துக்கு மட்டும் இணங்கி ஏடாக வளையாதது ஜிப்சம். காந்தம் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது மேக்னடைட். தங்கம் போல மின்னியதை டைலில் இழுத்தபோது கறுப்புக் கோடு விழுந்தது. பொன்னென்றால் கோடும் பொன்னாகவே இருக்கும். பைரைட் என்று எழுதினேன். கருமையாக இருந்த இன்னொன்று, குங்குமம் துடைத்த பிறகும் செந்நிறக் கோடே போட்டது. அதுதான் உண்மையான ஹேமடைட்.

ஒவ்வொரு சோதனையையும் நான் ஒரு தரம் செய்ய, செல்வராணி மறுதரம் செய்தாள். முடிவு ஒத்துப்போனால்தான் எழுதுவோம். மாலை ஐந்துக்குள் எட்டு.

புதன்கிழமை வெள்ளைக் கற்களின் முறை. ஒன்றைக் கையில் எடுத்ததுமே “மாக்னசைட்!” என்றேன். சேலத்துக்காரன் கண்ணுக்கு வெள்ளையெல்லாம் மாக்னசைட். செல்வராணி பட்டியலை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்படி ஒண்ணு இதுல இல்லண்ணே.”

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் ஊர்க் கல் உடைந்த பீங்கான் போல வழவழப்பாக இருக்கும். இதில் சரிந்த சின்னச் சின்னத் தளங்கள் கற்கண்டு போலப் பளபளத்தன. வினாகிரி விட்டோம், அசையவில்லை. கத்தியால் சுரண்டித் தூளில் விட்டோம். மெல்ல மெல்லக் குமிழி வந்தது. டொலமைட். கண்டியைச் சுற்றி மலை மலையாக இருப்பது.

“இதுவா? தேயிலைய கவ்வாத்து வெட்டுனப்பறம் மலையில தூவுறதாச்சே!” என்றார் பரமசிவம். “மூட்டை மூட்டையா தூக்கியிருக்கேன். இதுக்கு இவ்வளவு பெரிய பேரா?”

பக்கத்துக் கல் தூளாக்காமலே வினாகிரியில் நுரைத்தது, அது கல்சைட். செப்புக் காசுக்கு அசையாமல் கத்திக்கு இணங்கிய ஊதாக் கல் புளோரைட். கத்தி மிகச் சிரமப்பட்டுக் கீறிய பச்சைக் கல் அப்படைட். நீளவாக்கில் கரும் பட்டைகளோடு ஹோர்ன்பிளெண்ட். பன்னிரண்டு முகங்களோடு சிவந்த உருண்டை கார்னெட்; உலையரிசியில் கிடக்கும் கல்லைப் போலத்தான் இருந்தது, ஆனால் கண்ணாடியைக் கீறியது. கண்ணாடிச் சில்லைப் போலவே உடைந்து, கத்தியைப் பொருட்படுத்தாதது குவார்ட்ஸ்.

மதியம் மூன்று மணிக்கு இரண்டு கற்கள் மிஞ்சின. இரண்டும் மங்கல், இரண்டும் கண்ணாடியைக் கீறின. ஒன்றில் ஏறக்குறைய செங்கோணத்தில் சந்திக்கும் இரண்டு தட்டைத் தளங்கள். இன்னொன்று சாம்பல் நிறம்; இரு முனையும் சிறுத்து நடுவில் பருத்த ஆறுபட்டைக் கட்டி. இரண்டையும் குவார்ட்ஸ் மேல் அழுத்தி இழுத்தோம். தட்டைக் கல் இழுத்ததில் விழுந்தது அதன் சொந்தத் தூள்தான். எச்சில் தொட்டுத் துடைத்தபோது குவார்ட்ஸில் ஒன்றுமில்லை. அது பெல்ஸ்பார். சாம்பல் கல் இழுத்த கோடு துடைத்த பிறகும் இருந்தது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. அதுதான் குருந்தம்.

செல்வராணி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். சந்தோஷம் தெரியவில்லை.

“இதுக்கா என்னைக் கள்ளின்னாங்க?”

பிறகு அவளே சொன்னாள்: “நாளைக்கு அலவத்துகொட போறோம்ண்ணே. அங்க கல்லு தீட்டுற ஹனீபா நானாகிட்டத்தான் வித்தேன்னு சொல்றாங்க. போன மாசம் மோதிரத்துக் கல்ல மெருகு போடக் குடுத்தேன், அது ஒண்ணு போதுமாச்சு. யார்கிட்ட வித்தேன்னு சொல்றாங்களோ அவர்கிட்டயே காட்டுவோம்.”

“பாக்குறவங்க இன்னும் பேசுவாங்களே?”

“பேசட்டும். காலையில முத பஸ்லயே போறோம்.”

வியாழக்கிழமை காலை, பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து, மூடியில் இரு கையையும் ஊன்றி, யார் பார்த்தாலும் திருப்பிப் பார்த்தபடி வந்தாள். கண்டியில் பஸ் மாறி, அலவத்துகொடவில் பத்தேகாலுக்கு இறங்கினோம். ஹனீபா நானா கல் பட்டை தீட்டுகிறவர். சாணைச் சக்கரத்தின் முன் தாழ்ந்த கதிரையில் உட்கார்ந்திருந்தார். செல்வராணி சுற்றி வளைக்கவில்லை. ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று நேராகச் சொன்னாள்.

“என்ட பேரையும் இழுத்தீக்காங்களா?” என்று சக்கரத்தை நிறுத்தினார். “எங்க, அந்த நீலத்தக் காட்டுங்க, நானும் பாப்பமே!”

சாம்பல் கட்டியை உள்ளங்கையில் வைத்தாள். வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பினார். சிரிப்பு வந்துவிட்டது.

“இதையா நான் வாங்கினேன்? சும்மா தந்தாலும் வாங்க மாட்டேன் தங்கச்சி. ஜாதி நல்ல ஜாதிதான், குருந்தம்தான். ஆனா வெளிச்சம் உள்ள போகாது. இதப் பொடிச்சுச் சாணைக்குத்தான் போடலாம்.”

இருந்தாலும் முறைப்படி பார்த்தார். நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டு நிறுத்தார். பிறகு கிளாஸ் தண்ணீருக்குள் முங்கவிட்டு நிறுத்தார். எடையில் நாலில் ஒரு பங்கு குறைந்தது. பெல்ஸ்பாரோ குவார்ட்ஸோ என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். தண்ணீரைப் பார்த்ததும் செல்வராணி பதறியதைக் கண்டு, “பயப்படாதீங்க, இது கரையாது,” என்றார். கடைசியாக மேசை லாச்சியை இழுத்து அதிலிருந்து உடைந்த டோபாஸ் துண்டு ஒன்றை எடுத்து, அதன் மேல் குருந்தத்தை இழுத்தார். கோடு விழுந்தது. “கார்னெட்டால இது முடியாது. குருந்தம் வேணும், இல்லாட்டி வைரம் வேணும்.”

“ஒரு கடிதம் எழுதித் தாறன், கொண்டுபோங்க,” என்றும் சொன்னார்.

“எழுத்து வேணாம் நானா. நீங்க எழுதினா அதுக்கும் ஒரு கத சொல்லுவாங்க. அந்தத் துண்டக் குடுங்க, நானே செஞ்சு காட்டுறேன்.”

துண்டைக் கொடுத்தார். உள்ளேயிருந்து, முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு இணை எதுவும் இல்லை. இரண்டாவது கிண்ணத்தை மறுக்கவில்லை என்பதையும் குறித்து வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்குக் கண்டி மாஸ்டர் ஓட்டோவில் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை வேட்டி, கையில் பெரிய பதிவேடு. அதிபர் அறையில் நால்வரும் உட்கார்ந்தோம். மேசைக் கண்ணாடியின் மேல் அந்தக் கடிதம் பேப்பர்வெயிட்டின் கீழ் தயாராக இருந்தது.

செல்வராணி பெட்டியைத் திறந்தாள். பதினேழு கற்களிலும் புதுக் காகிதம், பட்டியல்படி இலக்கம்.

“குருந்தம் எங்க?” என்றார் அதிபர்.

“இதுதான் சேர். பதினெட்டாம் நம்பர்.”

“இதுவா? றோட்டுல கெடக்குறது மாதிரி இருக்கு.”

“உங்க போன்ல இருக்க படத்துல பாருங்க சேர். மேல் வரிசையில மூணாவது.”

பார்த்தார். அதே கட்டிதான், உச்சியில் குங்குமத்தோடு. அவர் என்னை நோக்கித் திரும்பினார். “உங்க சொந்தக்காரவங்களுக்காக நீங்க சொல்றத நாங்க நம்பணுமா?”

“என்னை நம்ப வேண்டாம். நீங்களே கையில் எடுங்கள்,” என்றேன்.

செல்வராணி குவார்ட்ஸை அவர் முன் வைத்தாள். குருந்தத்தை அதில் தேய்க்கச் சொன்னாள், துடைக்கச் சொன்னாள், நகத்தால் தடவச் சொன்னாள். பிறகு டோபாஸை வைத்து, அதைக் கீறக்கூடியவை எவை என்று வரிசையாகச் சொன்னாள். அதிபர் இரண்டையும் கீறிப் பார்த்தார். நம்பிக்கை வரவில்லையோ, விளையாட்டு ஆசையோ, தன் மேசைக் கண்ணாடியின் மேலும் ஒரு இழுப்பு இழுத்தார். கிரீச்சென்று ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைக் கோடு. பதறித் துடைத்தார். போகவில்லை.

“ஓம், அது போகாது,” என்றார் மாஸ்டர்.

“அப்ப காணாமப்போனது எது?”

“நாலாம் நம்பர், கல்லுப்பு. நான் தண்ணியில ஊறப் போட்டேன். கரைஞ்சிருச்சு.”

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். “நான் சமயம் படிப்பிக்கிறவன் பிள்ளை, பெட்டிக்குப் பொறுப்பு மட்டும்தான். உப்பெண்டு எனக்கும் தெரியாது. விடுங்கோ, ஒரு உப்புக்கட்டி வாங்கி நானே வைக்கிறன். பதினெட்டும் சரியெண்டு எழுதுவம். ஒருத்தருக்கும் பிரச்சினை இல்லை.”

அதிபரும் உடனே தலையாட்டினார். கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கும் அதுதான் நல்ல முடிவாகத் தோன்றியது.

“அப்படி எழுதாதீங்க சேர்,” என்றாள் செல்வராணி. “பதினெட்டும் சரின்னு எழுதினா, களவாண்டத திருப்பி வச்சுட்டான்னு சொல்லுவாங்க. எழுதறது மட்டுந்தான் நிக்கும். நான் செஞ்ச தப்ப எழுதுங்க. செய்யாதத எழுதாதீங்க.”

மாஸ்டர் சிரிப்பை நிறுத்தினார். பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். “நீங்களே எழுதுங்கோ.”

குறிப்பு என்ற கட்டத்தில் அவள் நிதானமாக எழுதினாள். நான் அதை அப்படியே என் குறிப்பேட்டில் பெயர்த்துக்கொண்டேன்: ‘பெற்றது பதினெட்டு. கொடுப்பது பதினேழு. இல. 4 கல்லுப்பு, நான் நீரில் கழுவியதால் கரைந்தது. இல. 18 குருந்தம் உள்ளது. அதிபர் முன்னிலையில் சோதிக்கப்பட்டது.’ கீழே கையெழுத்து, தேதி. மணியையும் போடச் சொன்னேன். பத்து இருபது.

“அதிபரும் வைக்க வேணும்,” என்றார் மாஸ்டர், அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த கட்டத்தைத் தொட்டுக் காட்டி.

அதிபர் அந்தக் குறிப்பை இரண்டு தரம் படித்தார். மேசைக் கண்ணாடியின் கீறலுக்கு மேலேயே பதிவேட்டை இழுத்து வைத்துக் கையெழுத்திட்டார்.

“சேர், அந்தக் கடுதாசி,” என்றாள் செல்வராணி.

அவர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கிழிக்கவில்லை. கற்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்கப் பெட்டிக்குள், உப்பு இருந்த நான்காம் குழியில் இன்னும் சிறிதாக மடித்து வைத்து, மூடியை அழுத்தி மூடி, மாஸ்டர் கையில் கொடுத்தாள்.